ஆட்டம் முடிந்ததும் வரும் பத்து நிமிடம்

நவம்பர் கடைசி வாரத்தில் நான் லீவு கேட்பதில்லை. அமெரிக்காவின் தென்பகுதியில், ஒரு பல்கலைக்கழக ஊரில் அவசர சிகிச்சை மருத்துவராக இருக்கிறேன். தேங்க்ஸ்கிவிங் விடுமுறையை ஒட்டிய அந்த வாரத்தில்தான் இங்கே அக்கம்பக்கத்துப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான பரம்பரைப் போட்டிகள் நடக்கும். ஃபுட்பால் என்று பெயர், ஆனால் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஆட்டம். வீரர்களுக்கு அடிபட்டால் பார்த்துக்கொள்ள மைதானத்திலேயே தனி மருத்துவக் குழு உண்டு. எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பார்வையாளர்கள், அதிலும் மாணவர்கள். சொந்த அணி தோற்ற இரவில் எமர்ஜென்சி ஓரளவு அமைதியாகவே இருக்கும். ஜெயித்த இரவில்தான், கூட்டம் மைதானத்துக்குள் பாய்வதால், ஸ்ட்ரெச்சர் போதாமல் போகும்.

நம் ஊரிலிருந்து முதுகலை படிக்க வந்திருக்கிற தம்பி தங்கைகளை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். முதல் வருடம் இந்த ஆட்டத்துக்குப் போவது ஊர்த் திருவிழாவுக்குப் போகிற மாதிரி. கட்டாயம் போங்கள். ஆனால், ஆட்டம் முடிந்ததும் வரும் முதல் பத்து நிமிடம் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போங்கள்.

மிசிசிப்பி மாநிலத்திலிருந்து தொடங்குகிறேன். அங்கே நடக்கும் பரம்பரைப் போட்டிக்கு ஒரு கோப்பை பிறந்ததே இந்தப் பத்து நிமிடத்தால்தான். ஆக்ஸ்ஃபோர்டில் மிசிசிப்பி பல்கலைக்கழகம் இருக்கிறது. எல்லோரும் ஓல் மிஸ் என்றுதான் சொல்வார்கள். அங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டரில் ஸ்டார்க்வில். அங்கே மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகம். அந்தக் காலத்தில் அது மிசிசிப்பி ஏ அண்டு எம் கல்லூரி, விவசாயமும் இயந்திரவியலும் சொல்லிக்கொடுத்த இடம். ஓல் மிஸ் இந்தக் கல்லூரியிடம் தொடர்ந்து 13 ஆட்டங்கள் தோற்றிருந்தது. 1926இல் ஸ்டார்க்வில்லுக்கே போய், 7-6 என்று ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தது. அத்தனை வருடத் தோல்வியைச் சுமந்துகொண்டு வந்த ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி, வெற்றியைக் கொண்டாடக் கோல்போஸ்ட்டைப் பிடுங்கப் போனார்கள். உள்ளூர்க்காரர்கள் விடுவார்களா? பிரம்பு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து அடித்தார்கள். பெரிய கைகலப்பாகிவிட்டது.

அப்புறம் இரண்டு கல்லூரி மாணவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். இனி இப்படி நடக்கக் கூடாது, அதற்கு ஒரு கோப்பை வைப்போம் என்று முடிவானது. செலவைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்து, ஒரு பித்தளைப் பந்தைச் செய்து பீடத்தில் ஏற்றினார்கள். 1927இலிருந்து அதுதான் பரிசு. அந்தக் காலத்துப் பந்து இப்போதைய பந்தைவிடத் தடித்து, முனை மழுங்கி இருக்கும். அதனால் பீடத்தில் நிற்கும்போது பார்வைக்கு முட்டை மாதிரியே தெரிந்தது. தங்க முட்டை என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1970களின் கடைசியில் ஆட்டத்துக்கே எக் பவுல் என்று பெயர் வந்துவிட்டது.

கோப்பையைக் கொடுப்பதற்கு ஒரு முறையும் வகுத்தார்கள். ஆட்டம் முடிந்ததும் கூட்டம் அவரவர் இடத்திலேயே நிற்க வேண்டும். கல்லூரிப் பாட்டுகள் பாட வேண்டும். அப்புறம் ஜெயித்த அணியின் கையில் முட்டையைக் கொடுக்க வேண்டும். ஒரு மருத்துவராக எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அந்த மாணவர்கள் வெறும் தடையோடு நிறுத்தவில்லை என்பது. "உள்ளே வராதே" என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். இருந்த இடத்தில் நிற்க ஒரு காரணம் கொடுத்தால் நிற்பார்கள். கம்பி வேலியால் முடியாததை ஒரு பாட்டும் ஒரு பித்தளைப் பந்தும் செய்யும் என்று நூறு வருடத்துக்கு முன்பே அவர்கள் நம்பினார்கள்.

கோப்பை வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2018 எக் பவுலில் இரு அணி வீரர்களும் மோதிக்கொண்டதில், நடுவர்கள் இரண்டு பக்கத்து வீரர்கள் எல்லோருக்குமே ஒழுங்கீனத் தண்டனை கொடுக்க வேண்டி வந்தது. ஆனாலும், எதற்காக அந்த முட்டை செய்யப்பட்டது என்பதை இன்றைய மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நிறையப் பேருக்கு அது தெரிவதில்லை.

சரி, கோல்போஸ்ட்டுக்கு வருகிறேன். தொலைக்காட்சியில் பார்க்கும்போது மெல்லிசான மஞ்சள் குழாய் மாதிரி இருக்கும். கிட்டே போய் நின்றால்தான் அதன் அளவு புரியும். தரையிலிருந்து 10 அடி உயரத்தில் குறுக்குக் கம்பம், அதன் அகலம் பதினெட்டரை அடி, அதற்கு மேல் இரண்டு பக்கமும் நிமிர்ந்த கம்பங்கள். மொத்தமாக இருநூறு கிலோவை ஒட்டி எடை வரும். ஐம்பது பேர் தொங்கி ஆட்டும்போது உலோகம் மெதுவாகத்தான் வளையும். ஆனால் முறிகிற நேரம் வந்தால் ஒரே நொடி. மேலே தொங்குகிறவர்கள் குதித்துத் தப்பிவிடுவார்கள். கீழே முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கிறவருக்கு என்ன விழுகிறது என்றே தெரியாது.

1983இல் ஹார்வர்டுக்கும் யேலுக்கும் நடந்த ஆட்டத்தில், சாய்ந்த கோல்போஸ்ட் ஒரு முதலாம் ஆண்டு மாணவியின் தலையில் விழுந்தது. பலத்த தலைக்காயம், உயிர் பிழைத்தார். 2001இல் இந்தியானா மாநிலத்தின் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவருக்குக் கம்பம் விழுந்து உடல் செயலிழந்தது. 2005இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மோரிஸ் வளாகத்தில் ஒரு மாணவர் இறந்தே போனார். இவர்கள் யாரும் அங்கே சண்டை போடப் போகவில்லை. சொந்த அணி ஜெயித்த மகிழ்ச்சியில் ஓடியவர்கள். இப்போது சில மைதானங்களில் கீல் வைத்த கோல்போஸ்ட் இருக்கிறது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஊழியர்களே அதைத் தரையில் சாய்த்துவிடுவார்கள். எல்லா மைதானத்திலும் இது வந்தாக வேண்டும்.

கம்பம் விழுவது எப்போதாவதுதான். ஒவ்வொரு வருடமும் நான் பார்க்கிற காயம் வேறு: கேலரியின் கீழ்ச் சுவரிலிருந்து குதிப்பது. மேலேயிருந்து பார்த்தால் நாலடி உயரம்தான் என்று தோன்றும். இறங்கினால் எட்டடி, பத்தடி இருக்கும். நேராகக் குதிகாலில் இறங்குகிறார்கள். குதிகால் எலும்பு உடைந்து, பாதம் அரை மணி நேரத்தில் பந்து மாதிரி வீங்கிவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உயரத்திலிருந்து குதித்துக் குதிகால் உடைந்தால், அந்த அதிர்ச்சி அங்கேயே நின்றுவிடாது. கால் வழியே ஏறி முதுகெலும்பு வரைக்கும் போகும். குதிகால் உடைந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பிலும் முறிவு இருக்கும். காலில் வலி அவ்வளவு அதிகமாக இருப்பதால் முதுகு வலி மறைந்துபோகும். ஒரு வருடம் இன்ஜினியரிங் படிக்க வந்த நம் பையன் ஒருவர் இப்படித்தான் வந்தார். "டாக்டர், கால் மட்டும்தான். கட்டுப் போட்டு விட்டுடுங்க, நாளைக்கு அசைன்மென்ட் இருக்கு" என்று தமிழிலேயே கெஞ்சினார். முதுகில் விரல் வைத்து ஒவ்வொரு கணுவாக அழுத்திக்கொண்டே வந்தேன். ஓர் இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டார். சி.டி. ஸ்கேனில் இடுப்புப் பகுதியின் முதல் முதுகெலும்பு நசுங்கியிருந்தது. நண்பர்கள் அவரைக் கைத்தாங்கலாக அரை கிலோமீட்டர் நடத்திக் கூட்டிவந்திருந்தார்கள். தண்டுவடத்துக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தது அவருடைய நல்ல நேரம். கீழே விழுந்தவர் முதுகு வலிக்கிறது, கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்துப்போகிறது என்று சொன்னால் தூக்காதீர்கள், உட்காரவைக்காதீர்கள். சுற்றிக் கைகோத்து நின்று கூட்டத்தை விலக்குங்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அசைக்கட்டும்.

அடுத்தது நெரிசல். 1993 அக்டோபர் 30, விஸ்கான்சின் மாநிலம் மேடிசன். விஸ்கான்சின் அணி மிஷிகனை 13-10 என்று ஜெயித்ததும் மாணவர் கேலரியில் மேலிருந்தவர்கள் கீழ் நோக்கி இறங்கினார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் கம்பி வேலியில் நசுங்கினார்கள். தடுப்புகள் சரிந்து, எழுபதுக்கும் மேற்பட்டோருக்குக் காயம். ஆட்டம் முடித்த வீரர்களே ஓடிவந்து ஆட்களை இழுத்துப்போட்டுக் காப்பாற்றினார்கள். ஒருவரும் இறக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

நெரிசலில் மிதிபட்டுத்தான் சாகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படியல்ல. நின்றபடியே மூச்சு முட்டிப் போகிறார்கள். நாம் மூச்சை இழுக்க நெஞ்சுக்கூடு விரிய வேண்டும். முன்னும் பின்னும் ஆட்கள் அழுத்தினால் அது விரியாது. சில நிமிடங்களில் மயக்கம் வந்துவிடும். ஒரு சதுர மீட்டருக்குள் ஆறேழு பேர் என்று ஆகிவிட்டால் கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கும். அதற்குள் இருப்பவர் நினைத்த பக்கம் கால் வைக்க முடியாது. பின்னால் தள்ளுகிறவருக்கு முன்னால் நடப்பது தெரியாது, கத்தினாலும் கேட்காது. மிசிசிப்பி ஸ்டேட் ரசிகர்கள் ஆளுக்கொரு மாட்டு மணி கொண்டுவந்து ஆட்டுவார்கள். அறுபதாயிரம் பேர் நிறைந்த மைதானத்தில் அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒலிபெருக்கி அறிவிப்பே காதில் விழாது.

நாலு பக்கமும் தோள் உரசத் தொடங்கும்போதே வெளியேறப் பாருங்கள், பிறகு முடியாது. மாட்டிக்கொண்டால், குத்துச்சண்டைக்காரர் மாதிரி இரண்டு கைகளையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரலுக்கு அந்த ஒரு சாண் இடம் போதும். கத்தி மூச்சை வீணாக்காதீர்கள். அலை தள்ளும்போது எதிர்க்காமல் கூடவே போய், அது ஓய்கிற நொடியில் பக்கவாட்டில் குறுக்காக நகருங்கள். போன் விழுந்தால் விழுந்ததுதான், குனியாதீர்கள். கீழே விழுந்துவிட்டால் ஒருக்களித்துச் சுருண்டு, தலையைக் கைகளால் மூடிக்கொள்ளுங்கள்.

தலையில் அடிபட்டவரை அன்று இரவு தனியாகத் தூங்கவிடக் கூடாது. காலையிலிருந்தே மைதானத்துக்கு வெளியே கூடாரம் போட்டுச் சாப்பாடும் குடியும் நடப்பது இங்கே வழக்கம். அதனால் ஒருவர் குழறிப் பேசினால் "போதை" என்று விட்டுவிடுகிறார்கள். மண்டைக்குள் ரத்தம் கசிந்தாலும் அதே குழறல்தான் வரும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, ஒரு கண்மணி பெரிதாகத் தெரிவது, எழுப்பினால் எழாத தூக்கம் என இவற்றில் ஒன்று இருந்தாலும் 911க்கு அடியுங்கள்.

911க்கு அடிக்க நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள், எனக்கு அதுதான் பெரிய கவலை. பில் வருமே, விசாவுக்குப் பிரச்சினை ஆகுமே என்று பயந்து, உடைந்த காலோடு ஊபரில் அறைக்குப் போய்விடுகிறார்கள். 1986இல் வந்த ஒரு மத்தியச் சட்டப்படி, அவசர சிகிச்சைக்கு வருகிறவரிடம் பணம் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, ஆபத்தான நிலையிலிருந்து மீட்க வேண்டியது மருத்துவமனையின் கடமை. பில் வரும், இல்லை என்று சொல்லவில்லை. அதைப் பிறகு பேசிக் குறைக்கலாம், தவணையில் கட்டலாம். 21 வயதுக்குக் குறைந்தவர் குடித்திருந்தாலும், உதவிக்கு அழைத்தவர்மேல் வழக்குப் போடாமல் இருக்கப் பல மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழக இன்ஷூரன்ஸ் அட்டையைப் படமெடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிகிற நேரம் நெட்வொர்க் வேலை செய்யாது, அதனால் எங்கே சந்திப்பது என்பதையும் முதலிலேயே பேசிவையுங்கள்.

நிர்வாகங்கள் இப்போது அபராதத்தைக் கூட்டியிருக்கின்றன. 2022இல் டென்னசி அணி அலபாமாவை 52-49 என்று ஜெயித்தபோது கோல்போஸ்ட்டைத் தூக்கிக்கொண்டுபோய் ஆற்றில் போட்டார்கள். பல்கலைக்கழகத்துக்கு 1,00,000 டாலர் அபராதம். இந்தத் தென்கிழக்குப் பல்கலைக்கழக அணிகள் சேர்ந்திருக்கிற எஸ்.இ.சி. என்ற கூட்டமைப்பில், 2025இலிருந்து கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தால் ஒவ்வொரு முறையும் 5,00,000 டாலர் அபராதம். ஆனால் அபராதம் கட்டுவது பல்கலைக்கழகம். இருபது வயதுப் பையன் சுவர்மேல் ஏறி நிற்கும்போது அதையா நினைப்பான்? மாணவர் சங்கங்கள்தான் இதைக் கையில் எடுக்க வேண்டும். கோப்பையை மாணவர் கேலரிக்கு முன்னால் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். முதலில் பாட்டு, அப்புறம் கோப்பை என்பதை ஆட்டத்துக்கு முந்தைய வாரமே எல்லோருக்கும் சொல்லுங்கள். 1927இல் மாணவர்கள்தானே செய்தார்கள்?

அந்த இன்ஜினியரிங் பையன் நான்கு நாள் வார்டில் இருந்தார். கோப்பையைக் கிட்டே பார்க்கத்தான் குதித்தாராம். புல்லில் கிடந்தபோது ஆட்களின் கால்களைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை என்றார். அவருடைய அறை நண்பர் கேலரியிலேயே நின்றிருந்தார். மறுநாள் சாயங்காலம் வந்து, கோப்பையைக் கையில் கொடுத்த காட்சியைப் போனில் காட்டினார். கழுத்துப் பட்டையோடு தலையைத் திருப்ப முடியாததால் போனை முகத்துக்கு நேர் மேலே பிடிக்கச் சொல்லி, மூன்று தடவை பார்த்தார்.