பிற்றர்ஸ் கசாயம் அல்ல, கைப்பூறல்

கொழும்பில் ஒரு விடுதியின் பான அட்டையில் ‘தோடம்பழக் கசாயம் இரண்டு துளி’ என்று தமிழில் அச்சிட்டிருக்கிறார்கள். மதுக் கலவைகளில் துளித்துளியாகச் சேர்க்கும் பிற்றர்ஸைக் கசாயமாக்கி நான் காண்பது இது மூன்றாவது தடவை. இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

சொல்லின் கதை சிறியது. ஆங்கிலத்தில் பிற்றர் என்றால் கைப்பு; கடித்தலைக் குறிக்கும் சொல்லுக்கு உறவு. அதன் பன்மை, கைப்பான வேரையும் பட்டையையும் தோலையும் மதுசாரத்தில் ஊறவைத்து வடித்ததற்குப் பெயராயிற்று. 1806இல் நியூயோர்க் மாநிலப் பத்திரிகை ஒன்று கொக்டெயில் என்ற மதுக் கலவையை விளக்கியபோதே மது, சீனி, தண்ணீர், பிற்றர்ஸ் என்றுதான் எழுதியது. 1824இல் சீகேர்ட் என்ற ஜேர்மன் மருத்துவர் வெனிசுவேலாவின் அங்கொஸ்துரா நகரில் ஆக்கியது இன்றும் அந்நகரின் பழைய பெயரிலேயே விற்பனையாகிறது.

கசாயத்துக்கு வருவோம். வடமொழியில் அது அறுசுவையுள் துவர்ப்பின் பெயர். கைப்புக்கு அங்கே திக்தம் என்ற வேறு சொல் இருக்கிறது. ஆக, சுவையிலேயே பிழை. செய்முறையில் பிழை இன்னும் பெரிது. நமக்குக் கசாயம் என்றால் தடிமனுக்குக் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் போட்டு அம்மா சுண்டக் காய்ச்சித் தந்தது. கோப்பை நிறையக் குடிப்பது. பிற்றர்ஸ் துளிக்கணக்கில் சேர்வது, பெரும்பாலும் அடுப்பையே காணாதது.

வெள்ளவத்தையில் என் வீட்டு அலுமாரியில் ஒரு போத்தல் இருக்கிறது. வெள்ளைப் பகுதி படாமல் சீவிய தோடம்பழத் தோல், கைப்புக்கு நாரத்தைத் தோல், ஒரு துண்டுக் கறுவா, நான்கு ஏலம், இரண்டு கராம்பு, மூழ்கும் அளவுக்குக் கடுமையான மதுசாரம். இரண்டு கிழமையில் தோல் வெளிறி, தொட்டால் ஒடிகிற பதத்துக்கு வந்துவிட்டது. அதன் நிறமும் மணமும் மதுசாரத்துக்குள் போய்விட்டன. தோலிலுள்ள எண்ணெய் தண்ணீரில் கரையாது. அதைக் காய்ச்சினால் வீடு மணக்கும், பாத்திரத்தில் மணம் மிஞ்சாது. இந்த வேலை முழுவதையும் ஒரே சொல்லில் சொல்ல ‘ஊறல்’ நம்மிடம் இருக்கிறது. சித்த மருத்துவர்கள் காய்ச்சாமல் ஊறவைத்து எடுப்பதை ஊறல் குடிநீர் என்றே பிரித்துச் சொல்கிறார்கள்.

சிலர் ‘கசப்பு நீர்’ என்கிறார்கள். நீர் என்பது பொய், அது மதுசாரம். அத்துடன் இலங்கையில் ‘கசப்பு’ என்பதில் சகரத்துக்கு ஒரு விசிறி (இகரக் குறி) கூடினால் கள்ளச்சாராயமான கசிப்பு ஆகிவிடும். மதுப் போத்தலின் சுட்டியில் அந்த அச்சுப்பிழையை யார் விரும்புவார்? கைப்பு பழந்தமிழ்ச் சொல். யாழ்ப்பாணத்தில் பாகற்காய் இன்றைக்கும் கைக்கத்தான் செய்கிறது. கைப்பும் ஊறலும் சேர்ந்தால் கைப்பூறல். கையோடு குழம்பும் என்று ஒரு நண்பர் சொன்னார். கைப்பிடியையும் கைப்பையையும் குழப்பாமல் வாசிப்பவர் இதையும் வாசிப்பார்.

பிற்றர்ஸ் என்றே எழுதுவோருடன் எனக்குச் சண்டை இல்லை. அது பொருளைத் திரிப்பதில்லை. திரிப்பது, போத்தலைத் திறந்து மணந்தும் பாராமல் அகராதியில் கைக்குக் கிடைத்த முதற்சொல்லை ஒட்டிவிடும் மொழிபெயர்ப்பு. பெயர்ப்பலகையிலிருந்து மருந்துச் சுட்டிவரை இந்த நகரத்தில் தமிழ் இப்படித்தான் அவசரமாக நிரப்பப்படுகிறது. அந்த அட்டையில் இருக்கவேண்டியது: ‘தோடம்பழக் கைப்பூறல், இரண்டு துளி’.