முதலீட்டாளர் தரும் பணம் திருப்பித் தர வேண்டாத பணம் அல்ல

"முதலீடுதானே, கடன் இல்லையே. திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை." புதுத் தொழிலுக்கு வெளியிலிருந்து பணம் வாங்கியவர்கள் இப்படிச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பலரும் அதைத் தூக்கிக்கொண்டு ஆலோசனைக்கு வருகிறார்கள் என்பது அதைவிட வருத்தமான விஷயம். முந்தின நாள் வந்திருந்தால் நான்கைந்து வரிகளைப் பேசி மாற்றியிருக்கலாம். கையெழுத்துக்குப் பிறகு மாற்ற எதிர்த்தரப்பின் சம்மதம் வேண்டும். அவர் எதற்காகச் சம்மதிக்க வேண்டும்?

மாதத் தவணை இல்லை, வட்டி இல்லை, தொழில் முற்றிலும் அழிந்தால் வீட்டுக்கு வந்து யாரும் கேட்கப்போவதில்லை. இதெல்லாம் உண்மைதான். ஆனால் தொழில் பாதி வென்று பாதி தோற்றால் என்ன ஆகும்? பல தொழில்கள் போய் நிற்பது இந்த நடுவில்தான். அங்கே யார் முதலில் பணத்தை எடுப்பார் என்பதை முடிவு செய்வது லிக்விடேஷன் ப்ரிஃபரன்ஸ் என்ற ஒரே ஒரு பிரிவு.

நிறுவனரிடம் இருப்பது சாதாரணப் பங்கு. தொழில்முறை முதலீட்டாளர் வாங்குவது பெரும்பாலும் முன்னுரிமைப் பங்கு. பெயரிலேயே விஷயம் இருக்கிறது. ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒருவர் 1 கோடி போட்டு 20 சதவீதப் பங்கு வாங்குகிறார். சில ஆண்டுகள் கழித்து நிறுவனம் 3 கோடிக்கு விலை போகிறது. 20 சதவீதம் என்றால் அவருக்கு 60 லட்சம், மீதி 2 கோடியே 40 லட்சம் நமக்கு என்றுதான் எல்லா நிறுவனர்களும் மனக்கணக்குப் போடுகிறார்கள். பத்திரத்தில் 'ஒரு மடங்கு, நான்-பார்ட்டிசிபேட்டிங்' (போட்ட பணம் அல்லது தன் சதவீதம், இரண்டில் ஒன்று மட்டும்) என்று இருந்தால் அவர் 60 லட்சத்தை எடுக்க மாட்டார், போட்ட 1 கோடியை எடுப்பார். நிறுவனர்களுக்கு 2 கோடி. 'ஒரு மடங்கு, பார்ட்டிசிபேட்டிங்' என்று இருந்தால் முதலில் தன் 1 கோடி, பிறகு மிச்சமுள்ள 2 கோடியில் 20 சதவீதமான 40 லட்சம், ஆக 1 கோடியே 40 லட்சம் அவருக்கு. 'இரண்டு மடங்கு, பார்ட்டிசிபேட்டிங்' என்றால் 2 கோடியும், மிச்சத்தில் 20 லட்சமும். நிறுவனர்கள் அத்தனை பேரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியது வெறும் 80 லட்சம். 80 சதவீதப் பங்கு வைத்திருப்பவர்களின் நிலை இது. நிறுவனம் 1 கோடிக்கே விலை போனால் இந்த மூன்று வகையிலும் நிறுவனருக்குக் கிடைப்பது பூஜ்யம்.

திருப்பித் தர வேண்டாத பணம் என்று இனியும் சொல்வீர்களா? தவணை இல்லாத பணம் என்று சொல்லுங்கள், அதுதான் சரி. மூன்று வகைகளில் நிறுவனர் கேட்டு வாங்க வேண்டியது ஒரு மடங்கு, நான்-பார்ட்டிசிபேட்டிங். அது நியாயமான பாதுகாப்பு, அதை எதிர்ப்பதில் பொருளில்லை. அதற்கு மேல் கேட்டால் காரணம் கேளுங்கள்.

இன்னும் இரண்டு பிரிவுகள் இதே வேலையைச் செய்கின்றன. ஒன்று, குறிப்பிட்ட ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் ஐந்து அல்லது ஏழு, தன் பங்கை நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று முதலீட்டாளர் கேட்கும் ரிடெம்ப்ஷன் உரிமை. இதில் தேதியும் உண்டு, தொகையும் உண்டு. நடைமுறையில் இது கிட்டத்தட்டக் கடன் மாதிரிதான். மற்றொன்று டிராக்-அலாங். முதலீட்டாளர்கள் விற்க முடிவெடுத்தால் நீங்களும் சேர்ந்து விற்றாக வேண்டும். இந்த முடிவுக்கு நிறுவனர்களின் பெரும்பான்மைச் சம்மதமும் வேண்டும் என்றோ, குறைந்தபட்ச விற்பனை விலை இவ்வளவு என்றோ ஒரு வரி சேர்க்காமல் இதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முதலீட்டாளர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவர் கையில் இருப்பதும் பிறர் பணம். பலரிடம் பணம் திரட்டிப் புதுத் தொழில்களில் போடும் வென்ச்சர் ஃபண்ட் ஒன்றின் ஆயுள் பொதுவாகப் பத்து ஆண்டு, கூடப்போனால் ஓரிரு ஆண்டு நீட்டிப்பு. அதற்குள் விற்றுப் பணமாக்கித் தன்னிடம் போட்டவர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய கட்டாயம் அவருக்கு. எனவே பேச்சின் தொடக்கத்திலேயே கேளுங்கள்: உங்கள் ஃபண்ட் எந்த ஆண்டு தொடங்கியது? ஆறாம் ஆண்டில் இருக்கும் ஃபண்ட் என்றால் உங்களுக்குக் கிடைப்பது நான்கே ஆண்டுப் பொறுமை. கேட்பதில் தயக்கமே வேண்டாம். உங்கள் கணக்குப் புத்தகம் முழுவதையும் அவர்கள் கேட்கப்போகிறார்கள்.

இந்தத் துறை பிறந்ததிலிருந்தே அதன் கணக்கு இப்படித்தான். 1946-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஏ.ஆர்.டி.சி. என்ற முதலீட்டு நிறுவனம் 1957-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினி நிறுவனத்தில் 70,000 டாலர் போட்டது. அது பல நூறு மடங்காகப் பெருகியது. அந்த ஒன்றின் வெற்றியே மற்ற பல முதலீடுகளின் சுமாரான விளைவை ஈடுகட்டியது. இன்றும் அதே கணக்குதான். 100 கோடி ஃபண்ட் ஒன்று மும்மடங்காக 300 கோடி ஈட்ட நினைக்கிறது என்று வையுங்கள். அதற்கு உங்கள் நிறுவனத்தில் 15 சதவீதம் இருந்து, நீங்கள் 20 கோடிக்கு விற்றால் அவர்களுக்கு வருவது 3 கோடி, அதாவது இலக்கில் நூற்றில் ஒரு பங்கு. உங்கள் குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றும் 20 கோடி அவர்கள் கணக்கை அசைக்காது. ஆண்டுக்கு 15 சதவீதம் நிதானமாக வளர்ந்து நல்ல லாபம் தரும் தொழிலை வைத்துக்கொண்டு இவர்களிடம் போய் நின்று, 'எங்களை யாருமே மதிக்கவில்லை' என்று மனம் உடைகிறவர்களைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. உங்கள் தொழிலில் குறையில்லை. தட்டிய கதவு வேறு.

அந்தத் தொழிலுக்கான பணம் வேறு இடங்களில் இருக்கிறது. வாடிக்கையாளரிடம் வாங்கும் முன்பணம் எல்லாவற்றிலும் மலிவானது. ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே செலுத்தினால் 10 சதவீதத் தள்ளுபடி என்று கேட்டுப் பாருங்கள். சப்ளையரிடம் 30 நாள் தவணையை 45 நாளாக்கக் கேளுங்கள். இயந்திரம் வேண்டுமென்றால் லீஸ். பெரிய நிறுவனங்களுக்கு விற்றுவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பவர் என்றால் இன்வாய்ஸ் டிஸ்கவுண்டிங், அதாவது அந்தப் பில்லைக் காட்டி முன்கூட்டியே பணம் பெறுவது. வங்கி பார்ப்பது உங்கள் கனவை அல்ல, தவணையைக் கட்டும் திறனை. ஓராண்டுத் தவணைத் தொகையைப் போல் குறைந்தது 1.25 மடங்கு பண வரவு இருக்கிறதா என்பது அவர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு. வங்கிப் பத்திரத்தில் 'தனிநபர் ஜாமீன்' என்ற பக்கத்தை மட்டும் தனியாக எடுத்துப் படியுங்கள். அதில் கையெழுத்துப் போட்டால், நிறுவனக் கடன் உங்கள் சொந்தச் சொத்தைத் தொடாமல் காக்கும் 'பிரைவேட் லிமிடெட்' என்ற சுவர் அந்தக் கடனைப் பொறுத்தவரை இல்லை. ஜாமீனுக்கு உச்சவரம்பு கேளுங்கள். பாதிக் கடன் அடைந்ததும் விடுவிக்கக் கேளுங்கள். சொத்தில் பங்குள்ள குடும்பத்தாருக்குத் தெரியாமல் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

உறவினரிடமும் நண்பரிடமும் வாங்கும்போது ஒரு பக்கமாவது எழுதுங்கள். கடனா, பங்கா? கடன் என்றால் எப்போது திரும்பும்? பங்கு என்றால் எத்தனை சதவீதம்? 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று வாங்கிய பணம் அடுத்த முதலீட்டாளர் வரும் நேரத்தில் 'அன்றைக்கே பாதி என் பணம்தானே' என்ற சண்டையாகத் திரும்பி வரும். சமூக ஊடகக் குழுக்களில் 'மாதம் இத்தனை சதவீதம் லாபம் உறுதி' என்று போட்டுப் பலரிடம் பணம் திரட்டுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். பொதுமக்களிடம் முதலீடு கேட்பதற்குப் பெரும்பாலான நாடுகளில் கடுமையான சட்டம் உண்டு. நல்ல எண்ணத்தில் செய்தேன் என்பது அங்கே எடுபடாது.

அடுத்தது வேல்யூவேஷன், அதாவது நிறுவனத்துக்குப் போடும் மதிப்பு. '5 கோடி வேல்யூவேஷன்' என்று ஒருவர் சொன்னால் உடனே கேட்க வேண்டிய கேள்வி, பணம் வருவதற்கு முன்பா, வந்த பிறகா? 1 கோடி போடுகிறார் என்றால், 5 கோடி என்பது பணம் வந்த பிறகான மதிப்பாக இருந்தால் அவருக்கு 20 சதவீதம். முன்பான மதிப்பாக இருந்தால் 1-ஐ 6-ஆல் வகுக்க வேண்டும், 16.67 சதவீதம். ஒரே சொல்லில் 3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். வருங்கால ஊழியர்களுக்கான பங்குத் தொகுப்பும் இப்படித்தான் விழுங்கும். மதிப்பு முன்பு 4 கோடி, பின்பு 5 கோடி, ஊழியர் தொகுப்பு பின்மதிப்பில் 10 சதவீதம், அதுவும் பணம் வருவதற்கு முன்பே ஒதுக்கப்பட வேண்டும் என்று எழுதியிருந்தால், நிறுவனர்களிடம் மிஞ்சுவது 70 சதவீதம். அதாவது உங்கள் தொழிலுக்கு அவர் உண்மையில் தந்த விலை மூன்றரைக் கோடிதான்.

விலை இறங்கினால் என்ன என்பதையும் பாருங்கள். நிறுவனர்களிடம் 4 லட்சம் பங்கு, முதலீட்டாளரிடம் தலா 100 வீதம் 1 லட்சம் பங்கு. அடுத்த முதலீட்டுச் சுற்றில் விலை 50 ஆகிவிட்டது. பத்திரத்தில் 'ஃபுல் ராட்செட்' (பழைய முதலீட்டாளரின் விலையையும் புது விலைக்கே இறக்கும் பிரிவு) இருந்தால் அவருடைய 1 லட்சம் 2 லட்சமாகிவிடும். புது முதலீட்டாளர் ஒரு பைசா போடும் முன்பே அவர் பங்கு 20-லிருந்து 33 சதவீதம். இதற்குப் பதிலாக 'பிராட்-பேஸ்டு வெயிட்டட் ஆவரேஜ்' என்று எழுதச் சொல்லுங்கள். புதிதாக எத்தனை பங்கு வெளியாகிறது என்பதைப் பொறுத்து ஓரளவே விலையை இறக்கும் முறை அது. இந்தச் சொற்களை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

வேல்யூவேஷனைத் தள்ளிப்போடும் கருவிகளிலும் இதே கவனம் வேண்டும். கன்வெர்ட்டிபிள் நோட் என்பது பங்காக மாறும் வரை கடன். கெடு தேதிக்குள் அடுத்த சுற்று வராவிட்டால் வட்டியோடு கேட்கலாம். புதுத் தொழில்களுக்கு ஆரம்ப முதலீடு தரும் அமெரிக்க நிறுவனமான ஒய் காம்பினேட்டர் 2013-இல் அறிமுகப்படுத்திய 'சேஃப்' பத்திரத்தில் (பணம் இப்போது, பங்கு அடுத்த சுற்றில்) வட்டியும் கெடுவும் இல்லை. அந்த எளிமையால்தான் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுகிறார்கள். 2018-இல் வந்த அதன் புதிய வடிவத்தில், சேஃப் வைத்திருப்பவர்கள் ஒருவர் பங்கை ஒருவர் குறைப்பதில்லை, எல்லாக் குறைவும் ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்கள் தலையில் விழும். 5 கோடி மதிப்பு உச்சவரம்பில் 50 லட்சம், 40 லட்சம், 35 லட்சம் என்று மூன்று பேரிடம் வாங்கினால் 10, 8, 7 என மொத்தம் 25 சதவீதம் போய்விட்டது. அடுத்த சுற்றில் இன்னொருவர் 20 சதவீதம் வாங்கினால் உங்களிடம் 60. ஒவ்வொரு சேஃப் கொடுக்கும்போதும் கேப் டேபிளை, அதாவது யாரிடம் எத்தனை பங்கு என்ற பட்டியலை, திருத்தி எழுதுங்கள். இதற்கு ஒரு எக்செல் தாள் போதும்.

காலம் குறித்துச் சுருக்கமாக. கையிருப்பை மாத நிகரச் செலவால் வகுத்தால் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பீர்கள் என்பது தெரியும். முதல் சந்திப்பிலிருந்து பணம் கணக்கில் ஏற ஆறு மாதம் வரை ஆகலாம். எனவே ஒன்பது மாதக் கையிருப்பு இருக்கும்போதே தொடங்குங்கள். இரண்டு மாதத்துக்கான பணத்தோடு பேச உட்கார்ந்தால் எதிரே இருப்பவருக்கு அது தெரிந்துவிடும். மேலே சொன்ன அத்தனை மோசமான பிரிவுகளும் அப்போதுதான் உள்ளே நுழைகின்றன.

டெர்ம் ஷீட், அதாவது இறுதி ஒப்பந்தத்துக்கு முந்தைய நிபந்தனைச் சுருக்கம், சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள் என்று சர்வ சாதாரணமாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். பெரும்பாலான பிரிவுகள் கட்டுப்படுத்தாது. வேறு யாரிடமும் பேசக் கூடாது என்ற 'நோ-ஷாப்' பிரிவு கட்டுப்படுத்தும். அதற்கு 30 நாள், மிஞ்சினால் 45 நாள் கெடு வையுங்கள். கெடு எழுதாத நோ-ஷாப்பில் மாட்டி, மற்றவர்களை எல்லாம் அனுப்பிவிட்டுக் காத்திருந்து, கடைசியில் பாதி விலைக்கு ஒப்புக்கொள்வது நடக்கிறது. பணம் தவணைகளாக வரும் என்றால், ஒவ்வொரு தவணைக்கும் நிபந்தனை அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். 'திருப்திகரமான முன்னேற்றம்' என்ற சொற்றொடரை அடித்துவிட்டு எண்ணைப் போடச் சொல்லுங்கள்.

முதலீட்டுக்கு முந்தைய சரிபார்ப்பான டியூ டிலிஜென்ஸில் பேரம் சரிவது பெரும்பாலும் அற்பக் காகிதங்களால். மென்பொருளை எழுதிய வெளியாள் உரிமையை நிறுவனத்துக்கு எழுதித் தரவில்லை. டிரேட்மார்க்கும் இணைய முகவரியும் ஒரு நிறுவனரின் சொந்தப் பெயரில் இருக்கின்றன. ஆறு மாதத்தில் விலகிய கூட்டாளியிடம் இன்னும் 30 சதவீதப் பங்கு இருக்கிறது. கடைசியாகச் சொன்னதற்கு மருந்து முதல் நாளிலேயே உண்டு: நான்கு ஆண்டு வெஸ்டிங் (பங்கு ஒரேயடியாக இல்லாமல் காலப்போக்கில் சொந்தமாவது), முதல் ஓராண்டு முடியாமல் எதுவும் சேராது, அதன்பின் மாதாமாதம் 48-இல் ஒரு பங்கு. நண்பர்களுக்குள் இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். நண்பர்களாகவே நீடிக்கத்தான்.

இனி, கோபம் வரவழைக்கும் விஷயம். முதலீடு வாங்கித் தருகிறேன் என்று சொல்லி உங்களிடமே முதலில் பணம் கேட்பவர்கள். பிராசஸிங் கட்டணம், சரிபார்ப்புக் கட்டணம், இன்சூரன்ஸ் பிரீமியம், வெளிநாட்டுப் பயணச் செலவு என்று பெயர் மாறும். 'பேங்க் கியாரண்டி வாடகைக்குத் தருகிறோம், எஸ்பிஎல்சி (வங்கி உத்தரவாதக் கடிதம்) தருகிறோம், எம்டி760 அனுப்பியதும் வங்கி பணம் தந்துவிடும்' என்ற பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். எம்டி760 என்பது வங்கிகளுக்கிடையே உத்தரவாதம் தெரிவிக்கும் உண்மையான ஸ்விஃப்ட் செய்தி வடிவம்தான், அந்த உண்மையைத்தான் இவர்கள் தூண்டிலாகப் பயன்படுத்துகிறார்கள். உண்மையான முதலீட்டாளரும் தன் வழக்கறிஞர் செலவை நிறுவனத்தின் தலையில் வைக்கலாம். ஆனால் அது பொதுவாக முதலீட்டுத் தொகை வந்து சேரும்போது கழிக்கப்படும், முன்கூட்டி அல்ல. அதற்கும் டெர்ம் ஷீட்டில் உச்சவரம்பு எழுதுங்கள். ஏற்கெனவே ஒருமுறை கட்டியவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கட்டியதை மீட்க இரண்டாம் கட்டணம் கட்டாதீர்கள். வெட்கப்பட்டு மறைக்கவும் வேண்டாம். பணம் அனுப்பிய வங்கிக்கும் காவல்துறைக்கும் அன்றைக்கே தெரிவியுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் பணம் வேறு கணக்குக்கு நகர்கிறது.

கையெழுத்துக்கு முன் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, முதலீட்டாளரைப் பற்றி விசாரிப்பது. அவர் கொடுக்கும் பட்டியலில் வென்ற நிறுவனங்கள் மட்டுமே இருக்கும். அவர் பணம் போட்டு மூடப்பட்ட இரண்டு நிறுவனங்களின் நிறுவனர்களை நீங்களாகத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். சம்பளம் போட முடியாத மாதத்தில் அவர் தொலைபேசியை எடுத்தாரா, அடுத்த சுற்றில் தன் பங்குக்குப் பணம் போட்டாரா, மூடும்போது கணக்கு எப்படி முடிந்தது என்று கேளுங்கள். இருவரில் ஒருவர் பேசத் தயங்கினாலும் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.