1989 என்பது ஒரே ஓர் இரவு அல்ல

ஒவ்வொரு நவம்பரிலும் சரிபார்ப்புக்கு வரும் காணொளி இவ்வாண்டும் வந்துவிட்டது. பட்டப்பகலில் கிரேன் ஒன்று கான்கிரீட் பலகையைத் தூக்குகிறது, கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. ‘1989 நவம்பர் 9: பெர்லின் சுவர் இடிந்தது, ஜெர்மனி இணைந்தது, சோவியத் யூனியன் வீழ்ந்தது’ என்கிறது அதன் கீழுள்ள வரி. இம்முறை அனுப்பியவர் ஒரு வரலாற்று ஆசிரியர். மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்த பிறகே அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. தகவல் சரிபார்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதற்கு மேல் பொறுமை இல்லை.

அந்த ஒரு வரிக்குள் மூன்று வெவ்வேறு ஆண்டுகள் திணிக்கப்பட்டிருக்கின்றன. கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனி தன் மக்கள் மேற்கே செல்லாதபடி பெர்லின் நகருக்குள் எழுப்பிய தடுப்புதான் அந்தச் சுவர். நவம்பர் 9 அன்று மாலை, கிழக்கு ஜெர்மனியின் ஆளுங்கட்சிப் பேச்சாளர் கூன்டர் ஷபோவ்ஸ்கி, குடிமக்கள் வெளிநாடு செல்ல வழிவிடும், மறுநாள் அறிவிக்கப்பட வேண்டியிருந்த பயண விதியைச் செய்தியாளர் கூட்டத்தில் வாசித்தார். எப்போது நடைமுறைக்கு வரும் என்று கேட்டபோது, கையிலிருந்த தாளைப் புரட்டிவிட்டு, உடனடியாக, தாமதமின்றி என்றார். மக்கள் எல்லைச் சாவடிகளில் திரண்டார்கள். மேலிடத்திலிருந்து தெளிவான உத்தரவு எதுவும் வராத நிலையில், போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியின் அதிகாரி ஹரால்ட் யேகர் இரவு ஏறத்தாழ 11.30 மணிக்குத் தடுப்பைத் திறக்கச் சொன்னார். அன்றிரவு திறந்தது வாயில். சுவர் அப்படியேதான் நின்றது. புதிய வழிகளுக்காகக் கிரேன் கொண்டு பலகைகளை அகற்றியது அடுத்தடுத்த நாட்களில். அரசு முறைப்படி இடிக்கத் தொடங்கியது 1990 ஜூன் மாதத்தில். ஜெர்மனி இணைந்தது 1990 அக்டோபர் 3. சோவியத் யூனியன் கலைந்தது 1991 டிசம்பரில், அதாவது இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. இரவில் நடந்ததைக் காட்டுவதாகச் சொல்லும் காணொளியில் சூரிய வெளிச்சம் இருப்பதைக்கூடக் கவனிக்காமல் எப்படிப் பகிர்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

தேதிப் பிழையைவிடப் பெரிய பிழையும் இதில் உண்டு. எல்லாம் ஓர் இரவில் நடந்தது என்று சொன்னால், அதற்கு முன் தெருவில் இறங்கியவர்களின் துணிச்சல் காணாமல் போகிறது. ஜூன் 4 அன்று போலந்து பகுதியளவு சுதந்திரமான தேர்தலில் வாக்களித்தது. அதே நாளில் பெய்ஜிங்கில், ஜனநாயகம் கேட்டுப் போராடிய மக்களைச் சீன ராணுவம் சுட்டுக்கொண்டிருந்தது. அந்த ஒடுக்குமுறையைக் கிழக்கு ஜெர்மனியின் நாடாளுமன்றம் வெளிப்படையாக ஆதரித்தது. செப்டம்பர் 11 அன்று ஹங்கேரி தன் எல்லையைத் திறந்துவிட, கிழக்கு ஜெர்மானியர்கள் ஆயிரக்கணக்கில் ஆஸ்திரியா வழியே வெளியேறினார்கள். வெளியேறாமல் நின்றவர்களில் ஏறத்தாழ 70,000 பேர் அக்டோபர் 9 அன்று கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஊர்வலம் சென்றபோது, பெய்ஜிங்கில் நடந்தது தங்களுக்கும் நடக்கலாம் என்று அஞ்சியபடியேதான் நடந்தார்கள். முடிவு தெரிந்த நாம் அந்த அச்சத்தை அழித்துவிட்டு வரலாறு சொல்லக் கூடாது.

பெய்ஜிங்கில் டாங்கிகளின் முன் தனியாக நின்ற மனிதரின் படமும் இப்படியே தவறாகச் சுற்றுகிறது. அது ஜூன் 5 அன்று, தியானென்மென் சதுக்கத்துக்கு வெளியே சாங்கான் சாலையில் எடுக்கப்பட்டது. அவருக்குப் பெயர் சூட்டிவரும் எந்தப் பதிவையும் நம்பாதீர்கள். அவர் யாரென்று உறுதிசெய்யப்படவே இல்லை.

ருமேனியா எங்கள் தொழிலுக்கே ஒரு பாடம். டிசம்பரில் அந்நாட்டின் திமிஷோரா நகரில் பாதுகாப்புப் படையினர் மக்களைச் சுட்டுக் கொன்றது உண்மை. ஆனால் அங்கே ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டதற்குச் சான்றாக உலகத் தொலைக்காட்சிகள் காட்டிய உடல்கள், ஏழைகளைப் புதைக்கும் இடுகாட்டிலிருந்து தோண்டப்பட்டவை; துப்பாக்கிச்சூட்டுக்கு முன்பே இறந்தவர்களின் உடல்கள். உண்மையான கொடுமைக்குப் பொய்யான படம் துணை நின்றால், பின்னாளில் உண்மையையே சந்தேகிப்பவர்களுக்கு அது வசதியாகிவிடுகிறது.

ஆகவே, பகிர்வதற்கு முன் தேதியைப் பாருங்கள். நாளும் மாதமும் இல்லாமல் ஆண்டு மட்டும் இருந்தால் நிறுத்துங்கள். படத்தில் பகலா இரவா, கோடையா குளிரா என்று பாருங்கள். ஒரே வரியில் இரண்டு அரசுகள் கவிழ்ந்தால் இரண்டையும் தனித்தனியே தேடுங்கள். தவறாகப் பகிர்ந்துவிட்டீர்களா? தயவுசெய்து ஓசையின்றி நீக்கிவிட்டுப் போகாதீர்கள். எது தவறு, எது சரி என்று அதே குழுவில் எழுதுங்கள், ஏனெனில் நீங்கள் நீக்குவதற்குள் அதை வேறு யாரோ சேமித்து வைத்திருப்பார்கள்.