தண்ணீரில் மூழ்கியும் அழியாத 2 கிலோபைட்

வேளச்சேரியிலிருந்து வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்த மழையில் அவருடைய டீசல் கார் சீட் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றிருக்கிறது. அன்று முதல் ஷெட்டில் கிடந்த வண்டியை இப்போதுதான் கையில் எடுத்திருக்கிறார். இன்ஜினைப் பிரித்துச் சுத்தம் செய்தாகிவிட்டது, ஆயில் மாற்றியாகிவிட்டது, இன்ஜினை ஆளும் கணினியான ஈசிஎம் பெட்டிக்கு மட்டும் உயிர் வரவில்லை. புதிது வாங்கக் கட்டுப்படியாகாது. அதே மாடல், அதே பார்ட் நம்பர் உள்ள பழைய பெட்டி ஒன்றைப் புதுப்பேட்டையில் தேடிப் பிடித்து மாட்டியிருக்கிறார்கள். இப்போது செல்ஃப் அடிக்கிறது, இன்ஜின் ஒரு நொடி பிடிக்கிறது, உடனே நின்றுவிடுகிறது. மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது. “ராசியில்லாத வண்டி, வந்த விலைக்குத் தள்ளிவிடு என்கிறார்கள் வீட்டில். கெட்டது வாங்கிய பெட்டியா, வண்டியா?” என்று கேட்கிறார்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் அநேகமாக இரண்டுமே கெடவில்லை ஐயா. புதிதாக வந்த பெட்டிக்கு உங்கள் சாவியை அடையாளம் தெரியவில்லை. ராசி என்ற பேச்சை வண்டி விஷயத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கோளாறு எங்கே என்று அந்த விளக்கு மின்னி மின்னிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைக் கவனிக்காமல் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டு, நல்ல வண்டியைப் பாதி விலைக்குக் கொடுத்துவிடுகிறோம்.

ஈசிஎம் என்ன செய்கிறது என்பது பலருக்கும் தெரிந்ததுதான். கிராங்க் தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது, எவ்வளவு காற்று உள்ளே வருகிறது, மிதியை எவ்வளவு அழுத்தியிருக்கிறீர்கள் என்பதையெல்லாம் சென்சார்களிடம் கேட்டு, எந்தக் கணத்தில் எவ்வளவு டீசல் தெளிக்க வேண்டும் என்று முடிவு செய்யும் சிறிய கணினி அது. நான்கு சிலிண்டர் இன்ஜின் 3000 சுற்றில் ஓடும்போது இந்த முடிவை நொடிக்கு 100 முறை எடுத்தாக வேண்டும்.

அதே கணினிக்குக் காவல் வேலையும் உண்டு. உங்கள் சாவியின் தலைப்பகுதியில் ஒரு சிப் இருக்கிறது. கதவு திறக்கும் ரிமோட் பேட்டரி தீர்ந்துபோனாலும் இந்தச் சிப் வேலை செய்யும், ஏனென்றால் அதற்குப் பேட்டரியே தேவையில்லை. சாவித் துவாரத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் எழுப்பும் காந்தப்புலத்திலிருந்தே அது மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. பல வண்டிகளில் வண்டி ஓர் எண்ணைக் கேள்வியாக அனுப்பும். தன்னிடமுள்ள ரகசிய எண்ணை அதோடு சேர்த்துக் கணக்குப் போட்டு, சாவி விடையை அனுப்பும். விடை சரியென்றால்தான் டீசலைத் தெளிக்கும் இஞ்ஜெக்டர்கள் தொடர்ந்து திறக்கும். இதுதான் இம்மொபைலைசர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயமானது.

சாவியைச் சரிபார்க்கும் பொறுப்பு சில வண்டிகளில் மீட்டரிடமோ தனிப் பெட்டியிடமோ இருக்கும். எங்கே இருந்தாலும், ஈசிஎம்முக்குள் ஒரு ரகசிய எண் பதிந்திருக்கும், அது மற்ற பாகங்களோடு ஒத்துப்போக வேண்டும். நீங்கள் வாங்கிய பெட்டியில் இருப்பது வேறு யாரோ ஒருவருடைய வண்டியின் எண். அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்றால், உங்கள் வண்டியின் காலத்து டீசல் பெட்டிகள் பலவற்றில், உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையின் ஒரு மூலையில் எட்டுக் கால்களோடு உட்கார்ந்திருக்கும் ஒரு நினைவகச் சிப்பில். ஈஈப்ராம் என்பார்கள். 95160 என்று எண் போட்ட சிப் என்றால் அதன் கொள்ளளவு 2048 பைட், அதாவது 2 கிலோபைட். கணினியில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் பொதுவாக 3 பைட் போய்விடுவதால், இந்தப் பத்தியைக்கூட அதில் முழுதாக எழுத முடியாது. ரகசிய எண், வண்டியின் அடிச்சட்ட எண், இஞ்ஜெக்டர்களின் குறியீடுகள், பதிவான பழுதுகள் எல்லாம் அந்தச் சிறு இடத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மின்சாரத்தை அடியோடு துண்டித்து, பெட்டியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டாலும் அந்த எண் அழிவதில்லை. மின்சாரமே இல்லாமல் ஒரு சிப் எப்படி நினைவு வைத்திருக்கிறது?

சாதாரண டிரான்சிஸ்டரில் ‘கேட்’ என்ற மின்முனை உண்டு. அதற்குப் போதிய வோல்ட் கொடுத்தால் அடியில் மின்னோட்டம் பாயும், இல்லையென்றால் பாயாது. ஈஈப்ராமில் அந்தக் கேட்டுக்குக் கீழே இன்னொரு சிலிக்கன் துண்டைப் பதித்திருக்கிறார்கள். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் சிலிக்கன் டைஆக்சைடு, கிட்டத்தட்டக் கண்ணாடி. எந்தக் கம்பியும் அதைத் தொடாது. இதை மிதக்கும் கேட் என்பார்கள். அதற்குள் எலக்ட்ரான்கள் அடைபட்டிருந்தால், மேலே கொடுக்கும் வோல்டின் வலுவை அவை குறைத்துவிடும், டிரான்சிஸ்டர் திறக்க அதிக வோல்ட் தேவைப்படும். ஆகவே இடைப்பட்ட ஒரு வோல்டைக் கொடுத்துப் பார்த்தால் போதும். மின்னோட்டம் பாய்ந்தால் ஒரு விடை, பாயாவிட்டால் மற்றது. 0, 1 இரண்டையும் இப்படித்தான் பிரித்துப் படிக்கிறார்கள். உங்கள் வண்டியின் அடையாளம் என்பது கண்ணாடிக்குள் சிறைபட்ட எலக்ட்ரான்கள்தான்.

கம்பியே தொடாத துண்டுக்குள் எலக்ட்ரானை எப்படி ஏற்றுவது? சிலிக்கனிலிருந்து அந்த ஆக்சைடுக்குள் ஏற எலக்ட்ரானுக்குச் சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரானின் ஆற்றலை அளக்கும் சிறு அலகு) ஆற்றல் வேண்டும். அறை வெப்பத்தில் அதன் கையில் இருப்பதோ ஏறத்தாழ 0.025. நூறு மடங்குக்கும் மேல் உயரமான மதில் அது. ஏறிக் குதிக்க வழியில்லை. ஆனால் குவாண்டம் விதிப்படி எலக்ட்ரான் மதிலை ஊடுருவலாம். மதில் எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்தது அது. ஆக்சைடின் மிக மெல்லிய இடத்திலும் தடிமன் 10 நானோமீட்டர் அளவில் இருக்கும். அந்தத் தடிமனில் ஊடுருவும் வாய்ப்பு இல்லையென்றே சொல்லிவிடலாம்.

இங்கேதான் அந்த நுணுக்கம். எழுத வேண்டிய நேரத்தில் சிப், தனக்குக் கிடைக்கும் 5 வோல்டை உள்ளேயே 15 வோல்டுக்கு மேல் உயர்த்திக்கொள்கிறது. அதில் 10 வோல்ட் அந்த 10 நானோமீட்டர் ஆக்சைடின் குறுக்கே விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். நானோமீட்டருக்கு ஒரு வோல்ட் என்றால் சென்டிமீட்டருக்கு ஒரு கோடி வோல்ட். காற்றில் சென்டிமீட்டருக்குச் சுமார் 30,000 வோல்ட் வந்தாலே பொறி பறக்கும். அந்தப் புலத்தில் மதிலின் மேல்விளிம்பு சரிந்து, முக்கோணமாகிவிடுகிறது. எலக்ட்ரான் நிற்கும் மட்டத்தில் கடக்க வேண்டிய தூரம் 10 நானோமீட்டரிலிருந்து 3 நானோமீட்டராகக் குறைகிறது. தடிமன் மூன்றில் ஒன்றானால் ஊடுருவும் வாய்ப்பும் மூன்று மடங்கு ஆகும் என்று நினைத்துவிடாதீர்கள். அடுக்குக்குறி வேகத்தில் அது கோடி கோடி மடங்காகப் பெருகும். சில மில்லி விநாடிகளில் வேண்டிய எலக்ட்ரான்கள் உள்ளே போய்விடும். வோல்டை எடுத்த அதே கணத்தில் மதில் பழைய தடிமனுக்குத் திரும்பிவிடும், உள்ளே போனவை உள்ளேயேதான். எழுத்து 40 ஆண்டுகள் நிற்கும் என்று உத்தரவாதம் தருகிறார்கள். 200 ஆண்டுகள் என்று சொல்லும் சிப்புகளும் உண்டு.

இந்தக் கணக்கு ரால்ஃப் ஃபவுலர், லோத்தர் நோர்ட்ஹைம் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் 1928இல் போட்டது. வலுவான மின்புலத்தில் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் எப்படி வெளிவருகிறது என்பதே அவர்கள் கேள்வி. நினைவகம் அவர்கள் கனவிலும் இல்லை. அதே ஃபவுலர் வெண்குள்ள விண்மீன்கள் பற்றி எழுதியதைச் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சந்திரசேகர் பற்றிக்கொண்டார். 1930இல் கேம்பிரிட்ஜ் போய் அவரிடமே ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். மிதக்கும் கேட்டை டாவோன் காங், சைமன் சீ இருவரும் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வெளியிட்டது 1967இல். சமன்பாட்டுக்கும் சிப்புக்கும் இடையில் 39 ஆண்டுகள். இந்தியா ஆய்வுக்குச் செலவிடுவது 2020-21 கணக்குப்படி உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். அந்தச் சிறு தொகையிலும் “உடனடிப் பயன் என்ன?” என்ற கேள்விக்குப் பதில் எழுதியே ஆய்வாளர்கள் களைத்துப்போகிறார்கள். 1928இல் ஃபவுலரிடம் இதைக் கேட்டிருந்தால் அவரால் என்ன சொல்லியிருக்க முடியும்?

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். பழைய பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வெள்ளநீர் பலகையின் செப்புத் தடங்களை அரித்திருக்கும், பேட்டரி இணைப்போடு நின்றிருந்தால் இன்னும் மோசமாக. ஆனால் ஈஈப்ராம் கெட்டிப் பிசினுக்குள் அடைக்கப்பட்டது, தண்ணீர் பெரும்பாலும் உள்ளே போயிருக்காது. மின் பழுது பார்ப்பவர் யாரிடமாவது கொடுத்தால், அந்தச் சிப்பைச் சூடுகாட்டிக் கழற்றி, படித்து, அதிலுள்ளதை வாங்கிய பெட்டியின் சிப்பில் எழுதித் தருவார். குளோனிங் என்பது இதுதான். ஆர்சி புத்தகத்தையும் பெட்டி வாங்கிய ரசீதையும் கொண்டுபோங்கள், திருட்டைத் தடுக்க வைத்த பூட்டில் கைவைக்கிற வேலை இது. இரண்டு பெட்டியிலும் ஒரே மென்பொருள் பதிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இஞ்ஜெக்டர் தலையில் பொறித்திருக்கும் குறியீடு ஒவ்வொன்றும் ஸ்கேனரில் தெரிவதோடு பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் ஐடிலில் குலுங்கும், புகை தள்ளும்.

இன்னும் புதிய கார்களில் இந்த வழி அடைபட்டு வருகிறது. ரகசிய எண் புராசசருக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கும், தயாரிப்பாளரின் சர்வரோடு இணைத்தால்தான் புதிய பெட்டியைப் பதிய முடியும். பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் அமைத்த குழுவின் வரம்பில் வாகனங்களும் இருக்கின்றன. திருடனிடமிருந்து காக்கும் பூட்டு உரிமையாளரையே வெளியே நிறுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

குளோன் செய்த பெட்டியை மாட்டுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. “ஈசிஎம் போச்சு” என்று பட்டறைகளில் சொல்லப்படும் வண்டிகளில் பல நேரம் போயிருப்பது எர்த் வயரோ, மெயின் ரிலேயோ, ஏதோ ஒரு சென்சார் எர்த்தோடு இணைத்துவிட்ட 5 வோல்ட் கம்பியோதான். வெள்ளத்தில் நின்ற வண்டியில் கனெக்டர் பின்கள் பச்சை பூத்திருக்கும். ஒவ்வொன்றையும் கழற்றிச் சுத்தம் செய்து, இஞ்ஜெக்டர் சுருள்களின் மின்தடையை அளந்து, எதிலும் ஷார்ட் இல்லை என்று உறுதி செய்த பிறகு பெட்டியை இணைக்கச் சொல்லுங்கள்.