வெள்ளை கேட்டால் கறுப்பு வருவது ஏன்?

யாழ்ப்பாணத்தில் ஜாவா மொழியில் திரைச் சாளரங்கள் செய்ய உதவும் ஸ்விங் தொகுப்பைப் படிக்கும் மாணவர்களுக்கு நல்ல வரைகலைப் பயிற்சி ஒன்று உண்டு: நல்லூர்க் கந்தசுவாமி கோயில் வெளிமதில். சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் இருபது பட்டைகள், திரும்பத் திரும்ப ஓடும் ஒரு லூப், அவ்வளவுதான். ஆனால் நிறத்தில் விடக்கூடிய பெரிய பிழைகள் இதிலேயே வெளிப்பட்டுவிடும்.

பலரும் லூப்புக்கு வெளியே, நிறம் கொடுக்கும் கட்டளையான செட்கலரில் சிவப்பைக் கொடுத்துவிட்டு, உள்ளே ஒற்றை எண் வரும்போது மட்டும் வெள்ளைக்கு மாற்றுகிறார்கள். 0இலிருந்து எண்ணும் லூப் என்றால் முதற் பட்டை மட்டும் சிவப்பு; மிச்சம் பத்தொன்பதும் வெள்ளை. செட்கலர் தருகிற நிறம் ஒரு செவ்வகத்தோடு முடிவதில்லை. வரையும் கருவியான கிராபிக்ஸின் நடப்பு நிறமே மாறுகிறது. நீங்கள் மறுபடி மாற்றும்வரை அதுதான் நிற்கும். ஆகவே ஒற்றை எண் இல்லாதபோது ஓடும் எல்ஸ் பகுதியில் சிவப்பையும் எழுதுங்கள். ஒவ்வொரு பட்டையும் தன் நிறத்தைக் கேட்டு வாங்கிய பிறகே செவ்வகத்தை நிரப்பும் ஃபில்ரெக்ட் வரவேண்டும்.

வெள்ளைப் பட்டை கறுப்பாக வந்தால் கலருக்குள் கொடுத்த சிவப்பு, பச்சை, நீல எண்களைப் பாருங்கள். முழு எண் என்றால் அளவு 0 முதல் 255 வரை. ஃப்ளோட் (தசம எண்) என்றால் 0.0 முதல் 1.0 வரை. 1, 1, 1 என்று எழுதினால் ஜாவா அதை முழு எண்ணாகவே எடுக்கும். 255இல் 1 என்பது கண்ணுக்குக் கறுப்புத்தான். கம்பைலர் வாயே திறக்காது என்பதால் இதுதான் மோசமான பிழை. 256 கொடுத்தாலாவது ஓடும்போது எக்செப்ஷன் என்ற பிழை அறிவிப்பு வந்து காட்டிக்கொடுக்கும்.

விண்டோஸின் வரைகலைத் தொகுப்பான ஜிடிஐயில் இதே மதில் நீலமாகலாம். இணையப் பக்க வழக்கப்படி சிவப்பை முன்னே வைத்துப் பதினறும எண் எழுதுவதே காரணம். ஜிடிஐயின் நிற எண்ணான கலர்ரெஃபில் கடைசி பைட்தான் சிவப்பு. அதற்கு முன் பச்சை, அதற்கும் முன் நீலம். கையால் எழுதாமல் மூன்று நிறங்களையும் சரியான வரிசையில் அடுக்கும் ஆர்ஜிபி மக்ரோவிடம் விடுங்கள்.

கடைகளுக்குப் பில் மென்பொருள் செய்பவர்கள் எழுத்து நிறத்தையும் பின்னணியையும் சேர்த்தே கொடுக்கவேண்டும். பின்னணியை மட்டும் வெள்ளையாக்கினால், கறுப்புத் தீம் போட்ட கணினியில் வெள்ளை எழுத்து அதற்குள் மறைந்துபோகலாம். ஸ்விங்கில் எழுத்தைக் காட்டும் ஜேலேபிளில் பின்னணி தெரியாவிட்டால் செட்ஒபேக்கை ட்ரூ ஆக்குங்கள்.

நிலுவைத் தொகையைச் சிவப்பில் காட்டுவது வழக்கம். வெள்ளையின் மேல் 255, 0, 0 என்ற முழுச் சிவப்பு தரும் ஒளி வேறுபாடு ஏறக்குறைய 4:1. சாதாரண அளவு எழுத்துக்கு எல்லோரும் படிக்க வசதியாக இணையத்துக்கு வகுத்த டபிள்யூசிஏஜி வழிகாட்டி கேட்பது 4.5:1. சிவப்பை 200 ஆகக் குறைத்தால் 6:1 கிடைக்கும். மஞ்சளின் மேல் வெள்ளை எழுத்து 1.1:1கூட வராது, அதை வைக்கவே வேண்டாம்.