சாம்பிள் ஃபைல் எடுக்கும் ஸ்கிரிப்ட் சரியாகக் குலுக்குகிறதா?

பேக்கப்பில் இருந்து தினமும் இருபது ஃபைலை எடுத்து, செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டுப் பார்க்கும் ஸ்கிரிப்டுகள் பல சர்வர்களில் ஓடுகின்றன. ஒப்பிடும் பகுதியை எல்லோரும் பார்த்துப் பார்த்து எழுதுகிறார்கள். இருபதைப் பொறுக்கும் அந்த ஒரு வரியை யாரும் கண்டுகொள்வதில்லை.

பலரும் எழுதுவது இப்படி: நட்சத்திரக் குறி போட்டு எல்லாப் பெயர்களையும் பாஷ் (லினக்ஸில் கட்டளைகளை இயக்கும் ஷெல்) அரேயில், அதாவது ஒரு பட்டியலில், ஏற்றுவார்கள், பாஷ் தரும் ரேண்டம் (RANDOM) வேரியபிளை மொத்த எண்ணிக்கையால் வகுத்து, மீதி எதுவோ அந்த இடத்து ஃபைலை எடுப்பார்கள். ரேண்டம் தருவது 15 பிட் எண், அதாவது 0 முதல் 32767 வரைதான். டைரக்டரியில் 50,000 ஃபைல் இருந்தால், கடைசி 17,232-க்கு ஒருநாளும் முறை வராது. நட்சத்திரக் குறி பெயர்களை வரிசைப்படுத்தித் தருவதால், பெயர் தேதியில் தொடங்கினால் விடுபடுவது அத்தனையும் புது ஃபைல்கள். சரி, 30,000 தான் இருக்கிறது என்றால்? முதல் 2,768 ஃபைல்களுக்கு மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு வாய்ப்பு. எரர் எதுவும் வராது. ரிப்போர்ட் பச்சையாகவே இருக்கும். பாஷ் 5.1-இல் வந்த எஸ்ரேண்டம் (SRANDOM) வேரியபிள் 32 பிட் எண் தரும். ஆனால் ஒரே ஃபைல் இரண்டு முறை வருவதை அதுவும் தடுக்காது.

இந்த வேலைக்கென்றே ஷஃப் (shuf) என்ற குலுக்கும் கட்டளை இருக்கிறது. ஃபைல்களைத் தேடும் ஃபைண்ட் (find) கட்டளையில் மேக்ஸ்டெப்த் 1 (துணை டைரக்டரிக்குள் போகாமலிருக்க), டைப் எஃப் (ஃபைல்கள் மட்டும்), பிரிண்ட்0 (பெயர்களை நல் கேரக்டரால் பிரிக்க) கொடுங்கள். அதன் வெளியீட்டை ஷஃபுக்குப் பைப் செய்து (நேராக அனுப்பி), இசட் (-z) ஆப்ஷனோடு -n 20 போடுங்கள். அங்கிருந்து, வந்த பெயர்களை உங்கள் கட்டளைக்குக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸுக்கு (xargs), 0 (-0), ஆர் (-r) ஆப்ஷன்களோடு அனுப்புங்கள். ஆர் இல்லாவிட்டால், காலி டைரக்டரியிலும் லினக்ஸில் கட்டளை ஒருமுறை ஓடிவிடும்.

பெயர்களை ஏன் நல் கேரக்டரால் (மதிப்பு பூஜ்யமான எழுத்து) பிரிக்க வேண்டும்? ஃபைல் பெயருக்குள் ஸ்பேஸ், மேற்கோள் குறி, ஏன், நியூலைன்கூட வரலாம். வர முடியாதவை நல்லும் ஸ்லாஷும் மட்டுமே. ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) கட்டளையின் வெளியீட்டைப் பைப் செய்தால், நியூலைன் உள்ள ஒரு பெயர் இரண்டு பொய்ப் பெயர்களாக உடையும்.

வரிசைப்படுத்தும் சார்ட் (sort) கட்டளையில் ரேண்டம் ஆப்ஷன் போட்டு, முதல் சில வரிகளை மட்டும் எடுக்கும் ஹெட்டால் (head) நறுக்குவதும் உண்டு. இருபதுக்காக மொத்தப் பட்டியலையும் அடுக்குவது வீண் வேலை. 2013-இல் வந்த கோர்யூட்டில்ஸ் (ஷஃப் அடங்கிய கட்டளைத் தொகுப்பு) 8.22 முதல், -n கொடுத்தால் பெரிய பட்டியலிலும் ஷஃப் தேவையான அளவை மட்டுமே மெமரியில் வைத்துக்கொள்கிறது. ஆனாலும் ஃபைண்ட் டைரக்டரி முழுவதையும் படித்தே ஆக வேண்டும். அடிக்கடி சாம்பிள் எடுப்பதாக இருந்தால் பட்டியலை ஒருமுறை சேமித்துக்கொள்ளுங்கள், அந்த டைரக்டரிக்கு வெளியே. உள்ளே வைத்தால் பட்டியலும் குலுக்கலில் சேரும்.

துணை டைரக்டரிகள் இருந்தால் மேக்ஸ்டெப்த்தை எடுத்துவிட்டால் போதும். முதலில் ஒரு டைரக்டரி, பிறகு அதற்குள் ஒரு ஃபைல் என்று குலுக்காதீர்கள். மூன்று ஃபைல் உள்ள டைரக்டரிக்கும் மூவாயிரம் உள்ளதற்கும் சம வாய்ப்பு கிடைத்துவிடும்.

ஏற்கெனவே ஓடும் ஸ்கிரிப்டைச் சோதிப்பது எளிது. தற்காலிக டைரக்டரியில் 00001 முதல் 40000 வரை பெயரிட்ட காலி ஃபைல்களை உருவாக்குங்கள். பொறுக்கும் வரியை மட்டும் சில நூறு முறை ஓட்டி, வந்த பெயர்களில் ஆகப் பெரிய எண் எது என்று பாருங்கள். 32768-ஐத் தாண்டவே இல்லையென்றால் அந்த வரியை மாற்றுங்கள்.