தோள் புளிக்கிறதா?

ஷாங்காய்க்குக் குடிபோன முதல் குளிர்காலத்தில் கணினி முன்னால் குனிந்தே கிடந்து வலது தோள்பட்டை இறுகிப்போனது. வீட்டுப் பக்கத்துச் சந்தில் ஒரு மசாஜ் கடை. ஷிஃபு குப்புறப் படுக்கச் சொன்னார். (கைத்தொழில் தெரிந்த யாரையும் அங்கே ஷிஃபு என்றுதான் கூப்பிடுவார்கள், நாம் மேஸ்திரி என்பதுபோல.) சட்டையைக் கழற்ற வேண்டியதில்லை, எண்ணெயும் கிடையாது. முதுகின்மேல் ஒரு துணியை விரித்து, தோளில் ஓர் இடத்தில் கட்டைவிரலை ஊன்றி, “சுவான் பு சுவான்?” என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சீனத்தில் அதற்கு ‘புளிக்கிறதா, இல்லையா?’ என்று அர்த்தம்.

எலுமிச்சை புளிப்பதற்கும் தசை வலிப்பதற்கும் சீனத்தில் ஒரே சொல். படுக்கையில் கிடப்பவரிடம் ஷிஃபு நான்கு விதமான உணர்ச்சிகளைப் பிரித்துக் கேட்பார். ‘மா’ என்றால் மரத்துப்போதல். ‘ஜாங்’ என்றால் உப்பியதுபோல் அழுத்துவது. ‘தோங்’ என்றால் சுரீரென்ற வலி. ‘சுவான்’ சதைக்குள் ஊறும் வலி, நாம் கடுப்பு, உளைச்சல் என்கிறோமே, அது.

இந்தப் பிரிவினை வெறும் சொல் விளையாட்டு இல்லை. தோலில் ஊசி குத்தினால் கண்ணை மூடிக்கொண்டே இடத்தைத் தொட்டுக் காட்டிவிடலாம். தசை வலியை அப்படிக் காட்ட முடியாது, “இங்கேதான் எங்கேயோ” என்று உள்ளங்கையை வைத்துத் தடவுவோம். தசையிலிருந்து வரும் வலி நரம்புகள் தோலில் இருப்பதுபோல அடர்த்தியாக இல்லை. போதாததற்கு, தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் வேறு இடங்களிலிருந்து வரும் நரம்புகளோடு ஒரே செல்லில் போய்ச் சேர்கின்றன. மூளைக்குத் தெளிவான முகவரி கிடைப்பதில்லை, பரவலான ஒரு மந்த வலிதான் கிடைக்கிறது. சுவான் என்று நான் சொன்னால், விரல் தோலைத் தாண்டித் தசைக்குப் போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

இந்த வைத்தியத்துக்குப் பெயர் துய்னா. ‘தள்ளுதல், பிடித்தல்’ என்ற இரண்டு வினைகள் சேர்ந்த பெயர். பழைய பெயர் அன்மோ. தாங் வம்சத்து அரண்மனை மருத்துவக் கழகத்தில் அன்மோவுக்குத் தனித் துறையே இருந்தது. அதே கழகத்தில் மந்திரிப்பதற்கும் ஒரு துறை இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். துய்னா என்ற பெயர் மிங் காலத்தில், குழந்தைகளுக்குப் பிடித்துவிடுவதைப் பற்றிய நூல்களோடு பரவியது. இன்று சீனாவில் பார்வையற்றோர் பலருக்கு இதுதான் பிழைப்பு. பெய்ஜிங்கில் 1958 முதல் மசாஜுக்கென்றே ஒரு மருத்துவமனை இயங்குகிறது.

ஷாங்காய்க்காரர்களின் கைவரிசை ‘குன்ஃபா’, அதாவது உருட்டல். சுண்டுவிரல் பக்கத்துப் புறங்கையை முதுகில் வைத்து, மணிக்கட்டை மடக்கி நீட்டி, சப்பாத்திக் கட்டைபோல முன்னும் பின்னும் உருட்டுவார்கள். நிமிடத்துக்கு 120 முதல் 160 தடவை. மாணவர்கள் முதலில் அரிசிப் பையின்மேல்தான் மாதக்கணக்கில் பழகுவார்கள்.

ஏன் சுகமாக இருக்கிறது என்று ஷிஃபுவிடம் கேட்டால் ஒரு பழமொழியைச் சொல்வார்: “தோங் ஜெ பு தோங், தோங் ஜெ பு தோங்.” தமிழில் எழுதினால் ஒரே சொல்லை நான்கு தடவை உளறியதுபோல் இருக்கிறது. ஏற்ற இறக்கத்தை மாற்றிச் சொன்னால் ஒரு தோங் ‘ஓட்டம்’, இன்னொரு தோங் ‘வலி’. ஓடினால் வலிக்காது, வலித்தால் ஓடவில்லை. ஓடுவது சீ என்னும் உயிராற்றல், அது போகும் வழிகள் உடம்பெங்கும் இருக்கின்றன என்பது மரபு. அறுத்துப் பார்த்தவர்கள் யாரும் அப்படியொரு குழாயைக் கண்டதில்லை.

இளவயது ஷிஃபுக்கள் கொஞ்சம் நவீனமாகப் பேசுவார்கள்: “லாக்டிக் அமிலம் தேங்கியிருக்கு, பிழிந்து வெளியேற்றுகிறேன்.” இதே விளக்கத்தைச் சென்னை ஜிம்மிலும் கேட்கலாம். ஆனால் சீனத்தில் இது இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ள ஒரு காரணம் உண்டு. லாக்டிக் அமிலத்துக்குச் சீனத்தில் ‘ரு சுவான்’ என்று பெயர், பால் புளிப்பு. தசை சுவான், உள்ளே இருப்பது ரு சுவான். யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

சந்தேகப்பட்டவர்கள் அளந்து பார்த்தார்கள். கடுமையாக உடற்பயிற்சி செய்தால் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடம்பில் இருக்கும் வடிவம்) ஏறும், உண்மை. சுமார் ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு இறங்கியும்விடும். இதயமும் மற்ற தசைகளும் அதை எரிபொருளாகவே எடுத்துக்கொள்கின்றன. பயிற்சிக்குப் பின்னான வலியோ மறுநாள், மூன்றாம் நாள்தான் உச்சத்துக்கு வருகிறது. என் தோளில் இருந்தது நாற்காலி வலி, அதற்கும் லாக்டேட்டுக்கும் உறவே இல்லை. 2010-இல் கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்கைப் பயிற்சிக்குப் பின் மசாஜ் செய்து பார்த்தபோது ரத்த ஓட்டம் கூடவில்லை, அழுத்துகிற கை அதைத் தடுக்கத்தான் செய்தது, லாக்டேட் வெளியேறுவதும் தாமதமானது. 2012-இல் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களைக் களைத்துப்போகும்வரை சைக்கிள் மிதிக்கவிட்டு, ஒரு தொடைக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ் செய்து, இரு தொடைகளிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். லாக்டேட்டில் வித்தியாசம் இல்லை. ஆனால் பிடித்துவிட்ட தொடையில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் குறைந்திருந்தன. பதினொரு பேர்தான் என்றாலும், மசாஜ் செல்வரைக்கும் எட்டுகிறது என்பதற்கு அது ஒரு தடயம்.

“தசையில் விழுந்த முடிச்சை உடைக்கிறேன்” என்று ஷிஃபுக்கள் சொல்வதும் இதே ரகம். தொடையின் வெளிப்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் கெட்டியான சவ்வை ஒரு சதவீதம் அமுக்கக்கூட மனிதக் கையால் தரமுடியாத விசை வேண்டும் என்று 2008-இல் ஒரு கணித மாதிரி காட்டியது.

பிறகு எது இளகுகிறது? எனக்குத் தெரிந்தவரை பெரும்பகுதி வேலை நரம்பில் நடக்கிறது. முழங்கையை நிலைப்படியில் இடித்துக்கொண்டால் யோசிக்காமலேயே தேய்க்கிறோம் அல்லவா? வலியை ஆராய்ந்த ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் இருவரும் 1965-இல் அதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். தொடுகையைக் கொண்டுபோகும் நரம்பிழைகள் தடித்தவை, நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் ஓடுபவை. மந்த வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் நொடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டாது. இரண்டும் தண்டுவடத்தில் சந்திக்கும் இடத்தில் ஒரு கதவு இருக்கிறது, தொடுகைச் செய்தி நிறைய வந்தால் அந்தக் கதவு வலிக்குப் பாதி சாத்திக்கொள்ளும் என்றார்கள். அவர்கள் வரைந்த சுற்றுப்படத்தின் நுணுக்கங்கள் பின்னால் திருத்தப்பட்டன, கதவு என்ற கருத்து நின்றுவிட்டது.

குன்ஃபா ஏன் உருளுகிறது என்பதும் இங்கே புரிவதுபோல் இருக்கிறது. தொடு உணர்விகள் சீக்கிரம் சலித்துவிடும். காலையில் கட்டிய கைக்கடிகாரம் பத்து நிமிடத்தில் மறந்துபோவது அதனால்தான். சும்மா அழுத்திக்கொண்டே இருந்தால் அவற்றில் பல வாயை மூடிக்கொள்ளும். நொடிக்கு இரண்டு தடவைக்கு மேல் அழுத்தம் ஏறி இறங்கினால் ஒவ்வொரு தடவையும் புதுச் செய்தி. இது என் ஊகம், ஷிஃபு ஒப்புக்கொள்ள மாட்டார்.

கட்டைவிரலால் குத்தி எடுக்கும்போது வேறொன்று நடக்கிறது. ஓரிடத்து வலி இன்னோரிடத்து வலியை அமர்த்தும். 1979-இல் லெ பார்ஸ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் எலிகளின் தண்டுவடத்தில் இதைப் பதிவுசெய்தார்கள். மூளைத்தண்டிலிருந்து கீழே வரும் உத்தரவு அது. ‘வலிக்கிறது, ஆனால் நிறுத்தாதீர்கள்’ என்று நாம் கிடப்பதில் இதற்கும் பங்கு இருக்கும்.

தசை தளர்வதையும் அளந்திருக்கிறார்கள். கெண்டைக்காலைப் பிசையும்போது தண்டுவட அனிச்சைச் செயலின் வலிமை நன்றாகக் குறைகிறது. கையை எடுத்ததும் உடனே பழையபடி ஏறிவிடுகிறது. கடையை விட்டு இறங்கியபோது மிதப்பதுபோல் இருந்த தோள், புதன்கிழமைக்குள் மறுபடி கல்லானதற்கு நான் ஷிஃபுவைக் குறைசொல்ல மாட்டேன். கீழ்முதுகு வலிக்கான மசாஜ் பற்றி 25 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அமைப்பு) மதிப்பாய்வும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: கொஞ்ச காலத்துக்கு நிவாரணம் கிடைக்கலாம், ஆதாரம் பலவீனம்.

மரபில் எனக்கு மிகவும் பிடித்தது ‘ஆஷி’ புள்ளி. விரலால் அழுத்தும் மற்ற புள்ளிகளுக்கெல்லாம் வரைபடம் உண்டு, இதற்குக் கிடையாது. ஏழாம் நூற்றாண்டு மருத்துவர் சுன் சிமியாவ் எழுதிவைத்தது: தடவிக்கொண்டே போ, நோயாளி எங்கே ‘ஆ, அதுதான்!’ என்கிறாரோ அங்கே வைத்தியம் செய். ‘ஆ ஷி’ என்பதற்கு அதுதான் பொருள். கென்னடியின் வெள்ளை மாளிகை மருத்துவர் ஜானெட் டிராவல் இருபதாம் நூற்றாண்டில் ‘டிரிகர் பாயின்ட்’ என்று தேடியதும் கிட்டத்தட்ட இதைத்தான். அப்படியொரு தனிக் கட்டி தசைக்குள் உண்மையிலேயே இருக்கிறதா என்று வல்லுநர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருப்பவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், எலும்பு மெலிந்து பலவீனமானவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தப் படுக்கையில் ஏறக்கூடாது. முரட்டுத்தனமாகப் பிசைந்ததில் தசை இழைகள் சிதைந்து சிறுநீரகம்வரை பாதிப்பு போன நிகழ்வுகள், அரிதாகத்தான் என்றாலும், மருத்துவ இதழ்களில் உண்டு. கழுத்தைச் சடக்கென்று திருப்பினால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிய வாய்ப்பிருக்கிறது.

இப்போதெல்லாம் ஷிஃபுவுக்கும் எனக்கும் பேச்சு மூன்று சொற்களில் முடிந்துவிடுகிறது. சுவான் என்றால் அவர் தொடர்வார். தோங் என்றால் விரலைத் தளர்த்துவார். இரு கைகளாலும் என் தலையைப் பிடித்துத் திருப்ப வரும்போது மட்டும் ‘புயோங்’ என்பேன், வேண்டாம். அவர் சிரித்துக்கொண்டே தலையை விட்டுவிட்டு மறுபடி தோளை உருட்டப் போவார்.